ஜெபக் குறிப்பாகிப் போன என் மகன்

போன சனிக்கிழமை ஜொகூரின் கூலாயில் ஒரு கல்யாண விருந்து. மதிய வேளை. மண்டபத்து ஏசி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பிரியாணி வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. என் மகன் ஜோயல் தட்டோடு நின்றான். அவனுக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் என் கணவர்.

ஜோயலின் முறை வந்தது. பரிமாறுகிறவர் கரண்டியைச் சட்டிக்குள் இறக்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் சுகுணா அக்கா. எங்கள் சபையில் பெண்கள் ஐக்கியத்தின் தலைவி. வந்தவர் நலம்கூட விசாரிக்கவில்லை. நேராக என் மகனின் தலையில் கையை வைத்தார்.

"சூதாட்ட ஆவியே, இந்தப் பிள்ளைய விட்டு வெளிய போ. இயேசுவின் நாமத்தில கட்டளையிடுறேன்... போ."

மைக் தேவைப்படாத குரல் அவருடையது. வரிசையில் நின்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். சிலர் கையை உயர்த்தினார்கள். பரிமாறிய வங்காளதேசத்துக்காரருக்கு எங்கள் மொழியும் தெரியாது, மார்க்கமும் தெரியாது. மரியாதைக்காகக் கரண்டியைப் பிடித்தபடியே தலை குனிந்தார். அந்த மண்டபத்தில் மரியாதை தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஜோயலுக்கு இருபத்தேழு வயது. தினமும் பாலம் தாண்டிப் போய்ச் சிங்கப்பூரில் என்ஜினியர் வேலை பார்க்கிறான். தலையில் ஒரு கை, கையில் ஒரு வெறும் தட்டு... ஜெபம் முடியும்வரை அசையாமல் நின்றான். முடிந்ததும், "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றான். தட்டை அடுக்கில் திரும்ப வைத்தான். கார் நிறுத்தியிருந்த பக்கம் நடந்து போய்விட்டான்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா?

"ஆமென்" என்றேன். பழக்கம். யாராவது ஜெபத்தை முடித்தால் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அது அவன் காதில் விழுந்தது.

ஒரு வாரமாகிறது. கோபம் இன்னும் ஆறவில்லை.

பத்திரிகையில் வரும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். நான் வராத பிளம்பரைப் பற்றியும், சிங்கப்பூர்ப் பாலத்து ஜாமைப் பற்றியும் புலம்புகிறவள். சபை விஷயத்தை இங்கே கொண்டுவந்ததில்லை. இந்த வாரம் கொண்டுவருகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். 'ஜோயல்' என்ற பெயரை அவனே தேர்ந்தெடுத்தான். கைப்பேசியில் அனுப்பினேன்; முழுக்கப் படித்துவிட்டு, இரண்டு வரியை எடுக்கச் சொன்னான். எடுத்துவிட்டேன். நல்ல வரிகள்... போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகன் போக்கர் விளையாடுகிறான்.

அதை யாரும் எனக்குக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அவனே சொன்னான். சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. லீவு போட்டுவிட்டு வியட்நாமுக்குப் போகிறானே, அது ஊர் சுற்ற இல்லையாம். டோர்னமென்ட் விளையாடவாம்.

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். நான் கூலாய் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள். சம்பள நாளில் லயத்து வீடுகளுக்குப் பின்னால் சாக்கு விரித்துச் சீட்டாடியவர்களைப் பார்த்தே வளர்ந்தவள். என் சித்தப்பா அந்தச் சாக்கிலிருந்து எழுந்து வந்த ஒரு நாளில், சித்தியின் கழுத்தில் வெறும் கயிறுதான் மிச்சம் இருந்தது. ஏசி ஹாலில் விளையாடினால் என்ன, சட்டையை இன் பண்ணிக்கொண்டு விளையாடினால் என்ன? சீட்டு சீட்டுதானே?

ஜோயல் பொறுமையாக விளக்கினான். டோர்னமென்ட் என்றால் ஆரம்பத்தில் நுழைவுக் கட்டணம். எல்லோருக்கும் சம அளவு சிப்ஸ். அந்தச் சிப்ஸ் பணமல்ல, அங்கே மட்டும் செல்லுபடியாகும் வில்லைகள். அவை தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது.

"போச்சுன்னா எதிர்ல இருக்கிறவனுக்குக் கை குடுத்துட்டு எழுந்து வந்துடணும் மா. வீட்டு சாவிய எடுத்து வைக்கிற கதையெல்லாம் இதுல கிடையாது."

சில டோர்னமென்ட்களில் மறுபடியும் பணம் கட்டி உள்ளே நுழையலாமாம். அதை அவன் சொல்லவில்லை. நானே பிறகு தேடிப் படித்தேன். அம்மாக்கள் தேடிப் படிப்பார்கள்.

கடைசியில் அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். சபையில் யாரிடமும் சொல்ல வேண்டாம். பாஸ்டரிடம் தானே போய்ப் பேசிக்கொள்வான். விசுவாசமும் இந்த விளையாட்டும் தனக்குள் எங்கே இடிக்கிறது, எங்கே இடிக்கவில்லை என்று அவனுக்கே சில கேள்விகள் இருந்தன. கொஞ்சம் டைம் வேண்டும் என்றான்.

சொல்ல மாட்டேன் என்றேன்.

எங்கள் சபையில் 'சொல்ல மாட்டேன்' என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஜெபத்துக்காக என்றால் சொல்லலாம். புறம் பேசுவது பாவம். ஆனால் அதே விஷயத்தைக் குரலைத் தாழ்த்தி, "ஒரு பாரமா இருக்கு, ஜெபத்துல வச்சுக்குங்க" என்று ஆரம்பித்தால், அது புறம் பேசுவதில் சேராது. யாருடைய மகள் யாரோடு பழகுகிறாள், யாருடைய புருஷன் குடிக்கிறார்... எல்லாமே எங்களுக்கு ஜெபக் குறிப்பாகத்தான் வந்து சேரும். கேட்கிறவருக்கும் குற்றவுணர்வு இல்லை. சொல்கிறவருக்கும் இல்லை. அடுத்தவர் வீட்டுக் கதவை இவ்வளவு பக்தியோடு திறக்க வேறு யாரால் முடியும்?

ஐக்கியக் கூட்டம் முடிந்து கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, சுகுணா அக்காவிடம் சொன்னேன். தனியாகத்தான். அவர் ஈரக் கையோடு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அழுதார். அது நடிப்பில்லை. உண்மையாகவே அழுதார். நடிப்பாக இருந்திருந்தால் இன்று எனக்குக் கோபப்படுவது சுலபமாக இருந்திருக்கும்.

அதன் பிறகு அந்தப் பாரம் பயணம் புறப்பட்டது. எங்கள் ஸ்கூடாயிலிருந்து பொந்தியான். பொந்தியானிலிருந்து கூலாய். கைப்பேசியில் எங்கள் வட்டாரத்துக்கு ஒரு ஜெபக் குழு இருக்கிறது. அதில் வந்திருந்ததைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் ஒரு தோழி எனக்கு அனுப்பினாள். பெயர் வேண்டாமாம். ஸ்கூடாயில் பத்திரிகையில் எழுதும் சகோதரி ஒருவரின் ஒரே மகனாம். சூதாட்டத்துக்கு அடிமையாகி, வேலையை இழக்கும் நிலையில் இருக்கிறானாம்.

ஸ்கூடாயில் பத்திரிகையில் எழுதும் சகோதரிகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

வேலையை இழக்கும் நிலை எங்கிருந்து வந்தது? நான் சொல்லவில்லை. வழியில் எங்கோ ஏறிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே ஒருவர், வட்டிக்குக் கொடுத்த ஆலோங் ஆட்கள் கடனைக் கேட்டு மிரட்டி எங்கள் வீட்டு வாசலில் சிவப்புப் பெயின்ட் ஊற்றிவிட்டுப் போனதாகவும், கர்த்தர் காக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... படித்து முடித்ததும் நானே எழுந்து போய் வாசல் கேட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்.

இவர்களில் ஒருவராவது ஜோயலுக்குப் போன் செய்தார்களா? 'தம்பி, எப்படி இருக்க?' என்று கேட்டார்களா? கடவுளிடம் நேராகப் பேசுகிறவர்களுக்கு என் மகனிடம் பேச மட்டும் கூச்சம்.

கல்யாண மண்டபத்திலிருந்து திரும்பிய கார் பயணத்தையும் சொல்லியாக வேண்டும்.

கணவர் ஓட்டினார். ஜோயல் பின் சீட்டில். வண்டி ஹைவேயில் ஏறியது. சுகுணா அக்கா அப்படிச் செய்வார் என்று நான் நினைக்கவில்லை என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"அவங்களுக்கு எப்படி மா தெரியும்?"

"ஜெபத்துக்குத்தான்..." என்றேன்.

அவன் சிரித்தான். கத்தியிருக்கலாம். திட்டியிருக்கலாம். சிரித்தான்.

எல்லோரும் பசியோடு இருக்கிறோம், எங்கேயாவது நிறுத்தட்டுமா என்று கேட்டார் என் கணவர்.

பிடிபட்டவர்கள் என்ன செய்வார்கள்? பாய்வார்கள். நானும் பாய்ந்தேன். சிலுவைக்கு அடியில் உட்கார்ந்து ஆண்டவரின் அங்கிக்குச் சீட்டுப் போட்ட சிப்பாய்களை எடுத்து அவன்மேல் எறிந்தேன். அந்தக் கூட்டத்திலா நீ சேரப்போகிறாய் என்று கேட்டேன்.

அப்போஸ்தலர்களும்தான் யூதாசின் இடத்துக்கு ஆள் எடுக்கச் சீட்டுப் போட்டார்கள் என்றான். ஞாயிறு பள்ளியில் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

"ஏன், நம்ம சபையில புது வருஷத்துக்கு தட்டுல வசன கார்ட பரப்பி வாக்குத்தத்தம் எடுக்கிறோம்ல? போன தடவ உங்களுக்கு வந்த வசனம் பிடிக்கலன்னு நைசா உள்ள வச்சிட்டு இன்னொண்ணு எடுத்தீங்க. போக்கர்ல அப்படி செஞ்சா வெளிய தள்ளிடுவாங்க மா."

என் கணவர் சிரித்துவிட்டார். நான் பார்த்த பார்வையில் ரோட்டைக் கவனிக்க ஆரம்பித்தார்.

அது உண்மை. எனக்கு வந்தது உபத்திரவத்தில் பொறுமையாக இருப்பதைப் பற்றிய வசனம். வருஷம் பிறந்த அன்றைக்கே யாருக்கு அது வேண்டும்? இரண்டாவதாக எடுத்ததில் ஆசீர்வாதம் இருந்தது. வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

கோபத்தில் கேட்டேன். அப்படியென்றால் நல்ல கார்டு வர வேண்டும் என்று நீயும் ஜெபம் பண்ணிவிட்டுத்தானே உட்காருகிறாய்?

"இல்ல மா. எதிர்ல உக்காந்திருக்கிறவனும் ஒரு அம்மா பெத்த பிள்ளதான். எனக்கு நல்ல கார்டு குடுங்கன்னா அவனுக்கு மோசமான கார்டு குடுங்கன்னுதான அர்த்தம்? எல்லாத்தையும் சரியா செஞ்சும் சில நேரம் தோப்போம். அப்ப யார் மேலயும் கோவப்படாம எழுந்து வரணும். அதுக்கு மட்டும்தான் கேப்பேன்."

அதற்குப் போகாமலே இருக்கலாமே என்றேன்.

"இருக்கலாம். அத என்கூட உக்காந்து பேசினீங்களா? ஊரு பூரா எனக்காக ஜெபம் பண்ண வச்சீங்க. என்கூட ஒரே ஒரு தடவ பண்ணீங்களா?"

ஸ்கூடாய் சிக்னலில் வழக்கமான நெரிசல். முன்னும் பின்னும் கார்கள். எங்கேயும் இறங்கி ஓட முடியாது.

மறுநாள் ஞாயிறு. ஜோயல் ஆராதனைக்கு வரவில்லை. வெளியூரில் இருந்தால் ஒழிய அவன் ஞாயிறு தவறியதில்லை. அறைக் கதவைத் தட்டினேன். வரவில்லை என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

ஆராதனை முடிந்து தேநீர் நேரத்தில் சுகுணா அக்காவே என்னிடம் வந்தார். முகம் பிரகாசமாக இருந்தது.

"கர்த்தர் கிரியை செய்ய ஆரம்பிச்சிட்டார் சிஸ்டர். வெக்கம் வந்திருக்கு, அதான் பையன் வரல. நல்லதுக்குத்தான்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்தது என்று தெரியவில்லை.

"அக்கா, நான் உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"நானும் ஜெபத்துக்கு மட்டும்தான் சொன்னேன்."

"எத்தன பேர்கிட்ட?"

"ஜெபத்துக்கு ஆள் கணக்கு உண்டா சிஸ்டர்?"

அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்றேன். ஆவியைத் துரத்தியதற்கா மன்னிப்பு என்று கேட்டார். நிஜமாகவே புரியாமல் கேட்டார். அவன் சாப்பிடாமல் போனதற்கு என்றேன்.

அவர் முகம் மாறியது. அவன் தட்டைத் திரும்ப வைத்ததை அவர் பார்த்திருக்கவே இல்லை. தலையைப் பார்த்தவர் தட்டைப் பார்க்கவில்லை. பிறகு, "நான் நல்லதுக்குத்தானே..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் நகர்ந்துவிட்டார்.

அதே தேநீர் மேஜையின் மறுமுனையில் இரண்டு பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றைய பாட்டு எண் பலகையில் இருந்த எண்களைக் கூட்டிக் கழித்து நான்கு இலக்கமாக்கி, லாட்டரி விற்கும் நம்பர் கடையில் எடுக்கலாமா என்பது பேச்சு. போன மாதம் ஒருவருக்குச் சின்னதாக அடித்ததாம். பலகையில் பாட்டு எண்ணைத் தொங்கவிடுகிற கையே கடையில் சீட்டையும் நீட்டுகிறது. அவர்கள் தலையில் யாரும் கை வைப்பதில்லை. நம்பர் எடுப்பது ஜொகூரில் சூதாட்டம் இல்லை. அது நல்ல மனுஷர்களின் பொழுதுபோக்கு. ரோட்டில் கார் கவிழ்ந்து கிடந்தால்கூட முதலில் நம்பர் பிளேட்டைப் பார்க்கிற ஊர் இது.

இதையெல்லாம் எழுதும்போது கை வேகமாக ஓடுகிறது. சுகமாகவும் இருக்கிறது. அதனால்தான் இங்கே நிறுத்துகிறேன். அடுத்த வீட்டு ஒழுகலைக் காட்டி என் கூரையை அடைக்க முடியாது. அவர்கள் நம்பர் எடுப்பதால் என் மகனின் சீட்டுக்கட்டு பரிசுத்தமாகிவிடாது. இன்று நிதானமாக இருக்கிறான். சரி. சித்தப்பாவும் ஒரு காலத்தில் நிதானமானவராகத்தான் இருந்திருப்பார். யாருக்குத் தெரியும்? அந்தப் பயம் என்னை விட்டுப் போகவில்லை. போகவும் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை மாதமும் நான் அவனுக்காக என்ன ஜெபம் பண்ணினேன் தெரியுமா? தோற்க வேண்டும் என்று. முழங்காலில் நின்று, கண்ணீரோடு. தோற்றால் விட்டுவிடுவான் என்ற கணக்கு. போன தடவை தோற்றுத்தான் வந்தான். அடுத்ததற்கு டிக்கெட் எடுத்தான். அதற்கு முந்திய தடவை கொஞ்சம் ஜெயித்தான். அப்போதும் டிக்கெட் எடுத்தான். ஜெயித்தாலும் போவான், தோற்றாலும் போவான் என்றால், பாவம், ஆண்டவர்தான் என்ன செய்வார்?

வியாழக்கிழமை காலை அவன் மறுபடி புறப்பட்டான். சினாய் விமான நிலையத்துக்கு எப்போதும் வாடகைக் காரில் போகிறவன். இந்த முறை நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். ஆச்சரியமாகப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

வழியில், பாஸ்டரிடம் பேசினாயா என்று கேட்டேன்.

"என்னத்த பேசுறது மா? என்னப் பத்தி என்னவிட அவருக்கு நெறைய தெரியும் போல. ஆலோங் வரைக்கும்."

வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் பாஸ்டர் முன்னால் உட்கார்ந்து, தன் வாயால், தன் கேள்விகளோடு சொல்ல நினைத்திருந்த விஷயம் அது. சரியோ தப்போ, அவனுடையது. அதை அவன் சொல்வதற்கு முன்பே நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம். இனி அவன் எதைச் சொன்னாலும் அது வாக்குமூலம் போலத்தான் கேட்கும்.

மன்னிச்சிரு என்றேன். ஜன்னலைப் பார்த்தபடி, ம் என்றான். அவ்வளவுதான்.

காரை நிறுத்தினேன். பையை எடுக்கக் கதவைத் திறக்கப் போனவனிடம், இந்த விளையாட்டு எனக்குப் பிடிக்கவில்லை, சாகும்வரை பிடிக்காது என்று சொன்னேன். தெரியும் என்றான். சபைக்குத் திரும்ப வருவாயா என்று கேட்டேன். தெரியவில்லை என்றான். இரண்டு பதிலும் பொய்யில்லாத பதில்கள்.

பிறகு கேட்டேன். பிள்ளையைப் பெற்று வளர்த்த இத்தனை வருஷத்தில், அவனிடம் அனுமதி வாங்கி நான் கேட்ட முதல் ஜெபம் அதுவாகத்தான் இருக்கும்.

"ஜெபம் பண்ணட்டுமா?"

பாதி திறந்த கதவோடு திரும்பிப் பார்த்தான்.

"தலைல கை வைப்பீங்களா?"

"மாட்டேன்."

"தோக்கணும்னு பண்ணக் கூடாது."

அவனுக்கு எப்படித் தெரிந்தது? நான் அதை யாரிடமும் சொல்லவே இல்லையே. சுகுணா அக்காவிடம்கூட.

"ஜெயிக்கணும்னும் பண்ண மாட்டேன்" என்றேன்.

"ஓகே லா."

கதவை மூடினான். இரண்டு பேரும் கண்ணை மூடினோம். பின்னால் எவனோ ஹாரன் அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். அடிக்கட்டும்.

என்ன ஜெபம் பண்ணினேன் என்று கேட்டு யாரும் கடிதம் எழுத வேண்டாம்.